தோற்றதைச் சொல்லும் இடம்

துவரம்பருப்பை நிறுத்து, பொட்டலம் கட்டி, செல்லத்தாயிடம் நீட்டிவிட்டு இந்துமதி திரும்பியபோது எதிராளி கிளம்பிப் போயிருந்தான். பிஸ்கட் ஜாடியில் சாய்த்து வைத்திருந்த போனில் ஆட்டப் பலகை மட்டும் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருநூற்றுச் சொச்சம் கற்கள். மேலே, வெள்ளைக்கு ஐம்பத்திரண்டரைப் புள்ளியில் வெற்றி என்று ஒரு வரி. கீழே அவள் எழுதிய 'தேங்க் யூ' தனியாகக் கிடந்தது. பதிலுக்கு ஒரு எழுத்துகூட வரவில்லை. தோற்றது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தோற்பது பழகிப்போயிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறார்களே, அதுதான் ஒவ்வொரு முறையும் புதிதாக வலித்தது.

"யக்கா, அந்தப் போனுக்குள்ள அப்பிடி என்னதான் பாக்கிய?" என்றாள் செல்லத்தாய். எதிர் வரிசையில் தையல் மிஷின் போட்டிருப்பவள். ஒரு நாளைக்கு நாலு முறை கடைக்கு வருவாள், நாலு முறையும் இதையே கேட்பாள்.

"கல்லு வெளையாட்டு. ஒனக்கு வேற என்ன வேணும் சொல்லு" என்றாள் இந்துமதி.

இணையத்தில் நடக்கும் அந்தப் பயிற்சி லீக்கில் இந்துமதி சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கோ என்கிற ஆட்டத்தில் தேறி மேலே வர ஆசைப்படுகிறவர்களுக்காக, ஜெர்மனியில் குடியிருக்கும் சூஜின் என்ற கொரியாக்கார டீச்சர் நடத்துவது. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது கோடு. ஒருவருக்குக் கறுப்புக் கல், மற்றவருக்கு வெள்ளை. சுற்றி வளைத்து இடம் பிடிக்கவேண்டும். வைத்த கல்லை எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது. அவ்வளவுதான் சட்டம், ஆனால் ஆயுசு பத்தாது. லீக்கில் நான்கு பிரிவு. இந்துமதி கடைசிப் பிரிவு. இதுவரை ஆடிய பதினான்கு ஆட்டத்தில் ஜெயித்தது இரண்டு. அதில் ஒன்று எதிராளி வராமலே கிடைத்த ஜெயம். இன்னொன்று கடைசிக் கல் வரைக்கும் இழுத்து அரைப் புள்ளியில் வந்தது, அந்த ஆளும் கோபித்துக்கொண்டுதான் போனான்.

மகள் ரம்யா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தபோது அவள்தான் இதைப் போனில் இறக்கி, ஒரு வாரம் ஆடி, சலித்துப்போய் விட்டாள். விட்டதை அம்மா பிடித்துக்கொண்டாள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து நான்கு வரை கடையில் ஈ ஓட்டுகிற நேரம். கணவன் ஜெயகணேஷ் சாப்பிட்டுவிட்டு வீட்டில் ஒரு தூக்கம் போட்டு வருவான். கல்லாவில் இந்துமதி. தூத்துக்குடி மில்லர்புரமே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் அந்த நேரத்தில் ஐரோப்பாவில் ஆட்கள் காலைக் காப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் தோது, இவளுக்கும் தோது.

லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்து, முதல் கல்லிலிருந்து திரும்பிப் பார்க்கவேண்டும். இங்கே ஏன் வைத்தாய், நீ என்ன நினைத்தாய், நான் இதற்குப் பயந்தேன் என்று பேசிக்கொள்ளவேண்டும். பாதிப் படிப்பு அதில்தான் இருக்கிறது என்று சூஜின் எழுதியிருந்தார். மற்றவர்கள் அப்படிப் பேசியதெல்லாம் லீக்கின் பக்கத்தில் கிடக்கும். இந்துமதி அவற்றைத் தேடித் தேடிப் படிப்பாள். பாதி புரியாது. ஆனாலும் யாரோ ஒரு பிரேசில்காரன் யாரோ ஒரு போலந்துக்காரியிடம், நீ இதை வைத்தபோது என் மனசில் என்ன ஓடியது தெரியுமா என்று கேட்கிறானே, அந்த வரியில் அவளுக்கு ஒரு ஏக்கம். கல்யாணமாகி இருபத்தொரு வருஷம். செய்தது தப்பு என்று சொல்ல ஊரெல்லாம் ஆள் உண்டு. செய்யும்போது என்ன நினைத்தாய் என்று கேட்க ஒருத்தர் உண்டா? இந்த லீக்கில் அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். பதினான்கு ஆட்டத்தில் ஒருவர்கூட அவளோடு உட்காரவில்லை. தன் இங்கிலீஷ்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டாள்.

காரணம் அது இல்லை என்று அன்றைக்குச் சாயங்காலம் தெரிந்தது. சூஜினிடமிருந்து நீளமாக ஒரு கடிதம் வந்திருந்தது. பாதிதான் புரிந்தது. அப்படியே ரம்யாவுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் ரம்யா கூப்பிட்டாள், சிரித்துக்கொண்டே.

"எம்மா, ஒம் மேல ரெண்டு கம்ப்ளைன்ட் வந்திருக்கு."

"நான் என்னளா செஞ்சேன்?"

"நீ தோத்த பெறவும் ஆட்டத்த விடமாட்டேங்கியாம். இலோனான்னு ஒரு ஹங்கேரிக்காரி எழுதிருக்கா, வாசிக்கேன் கேளு. 'இந்து தோற்றது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிகிறது. அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம் என்னை உட்கார வைக்கிறார். நான் தப்பு பண்ணுவேன் என்று காத்திருக்கிறாரா? என்னை அவ்வளவு முட்டாள் என்று நினைக்கிறாரா?'" ரம்யாவின் சிரிப்பு நின்றிருந்தது. "தோத்தது தெரிஞ்சா, தோத்துட்டேன்னு ரிசைன் பட்டன அமுக்கிப் பாதியிலயே விட்டுறணுமாம்மா. அதான் அங்க மரியாதையாம். இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா அடுத்த மாசம் ஒனக்கு லீக்ல எடம் கெடையாதுன்னு டீச்சர் எழுதிருக்காங்க. நல்ல விதமாத்தான் எழுதிருக்காங்க. நீ ஏம்மா அந்தப் பட்டன அமுக்க மாட்டேங்க?"

இந்துமதிக்கு முகம் சுட்டது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போகிறவனைப் போலத்தான் ஆட்டத்தைப் பாதியில் விடுகிறவன் என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். கடைசிக் கல் வரைக்கும் கூட உட்கார்ந்திருப்பதுதான் எதிராளிக்குத் தருகிற மரியாதை என்று நம்பி, ஐம்பது புள்ளியில் தோற்கிற ஆட்டத்தையும் மாங்கு மாங்கென்று ஆடியிருக்கிறாள். அது பாதிக் காரணம். மீதியை மகளிடம் சொன்னாள்.

"கல்லாவுல உக்காந்துக்கிட்டு எப்பிடிளா அத அமுக்குவேன்?"

ரம்யா கடைக்காரர் வீட்டுப் பிள்ளை, அவளுக்குத் தெரியும்.

அவர்களுடைய ஆறுமுகநயினார் ஸ்டோரில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. சீனி தீர்ந்துவிட்டால் 'சீனி வருது' என்று சொல்லவேண்டும். கடையை மூடு என்று சொல்லக்கூடாது, எடுத்து வை என்று சொல்லவேண்டும். தீர்ந்தது, போச்சு, முடிந்தது, முடியாது, எதுவும் கல்லாவுக்கு முன்னால் வாயில் வரக்கூடாது. கடை திறந்த நாளிலிருந்து மாமனார் வைத்திருந்த முறை. கல்யாணமான மூன்றாம் நாள், கடையைப் பார்க்க ஆசையாக வந்து நின்ற இந்துமதி, பெருங்காயம் கேட்டு வந்த ஒருவரிடம் வாய் தவறி "இல்லியே" என்று சொல்லிவிட்டாள். மாமனார் திட்டவில்லை. எழுந்து போய் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சூடம் ஏற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஆளுக்குச் சாமான் கொடுத்தார். அந்த அரை மணி நேரமும் புதுச்சேலையோடு ஓரமாக நின்றது அவளுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. மாமனார் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கல்லாவுக்கு மேலே படமாக இருக்கிறார். அவர் படத்துக்குக் கீழே உட்கார்ந்து, தோற்றேன் என்று ஒரு பட்டனை அமுக்க அவள் விரல் எப்படிப் போகும்?

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயகணேஷிடம் சொன்னாள். அவனுக்கு ஆட்டம் தெரியாது, ஆனால் ஆடுகிறவர்களை ஒரு மாதிரி தெரியும். தினமும் கடைக்குத் திரும்பியதும் "இன்னைக்கு யாரு?" என்று கேட்பான். ஊர் பெயர் சொன்னால் போதாது, அங்கிருந்து என்ன சரக்கு வருகிறது என்று தெரிந்தால்தான் அவன் மனசில் நிற்கும். மலேசியாக்காரன் பாமாயில்காரன். கனடாக்காரன் மைசூர்ப்பருப்பு. ஹங்கேரியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒன்றும் வருவதாக அவனுக்குத் தெரியாததால் இலோனா மட்டும் 'அந்தப் பொம்பள' என்றே இருந்தாள்.

"அது அவுக ஊரு முறை. அதுக்காவ நம்ம கடை முறைய மாத்த முடியுமா?" என்றான்.

"மாத்தச் சொல்லல. கம்ப்ளைன்ட் வந்திருக்குன்னு சொல்லுதேன்."

"வீட்டுல உக்காந்து ஆடு."

"அப்பம் மத்தியானம் கடைய யாரு பாப்பா?"

ரசத்தை ஊற்றச் சொன்னான். கையைக் கழுவிவிட்டு வந்து, "வெளிய அனுப்பிட்டா ரொம்ப சங்கடமா இருக்குமோ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டான்.

"இருக்கும்" என்றாள் இந்துமதி. அன்றைக்கு ராத்திரி அவன் புரண்டு புரண்டு படுத்ததை அவள் கவனித்தாள்.

அந்த மாதத்தின் கடைசி ஆட்டம் இலோனாவோடு. சனிக்கிழமை இரண்டு மணி. ஒரே வழிதான் இருக்கிறது, ஜெயித்துவிட வேண்டும் என்று இந்துமதி முடிவு செய்தாள். ஜெயித்தால் தோற்றேன் என்று சொல்லவேண்டிய பிரச்சினையே வராது பாருங்கள். இரண்டு வாரம் உயிரைக் கொடுத்துப் படித்தாள். தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் போன், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போன். சூஜின் கொடுத்த கணக்குகளை அரிசி புடைத்துக்கொண்டே போட்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். ஜெயகணேஷ் ஒன்றரைக்குக் கிளம்பியபோது, "அந்தப் பொம்பளயா இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனான். இரண்டு மணிக்கு இலோனா வந்தாள். 'ஹாய்' என்று எழுதி அதற்கு ஒரு முற்றுப்புள்ளியும் வைத்தாள். அந்தப் புள்ளியிலேயே அவள் கோபம் தெரிந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. இடது பக்கக் கீழ் மூலையில் இந்துமதி ஒரு வீடு கட்டினாள். சின்ன வீடுதான், ஆனால் ஒரு ஓட்டையும் கிடையாது. இலோனா அங்கே இரண்டு முறை வந்து முட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தத் தைரியத்தில் இந்துமதி நடுப்பலகையில் இறங்கினாள், அங்கேதான் வந்தது வினை. வளைத்துக்கொள்ளப்பட்ட கற்கள் பிழைக்க வேண்டுமானால் உள்ளுக்குள் தனித்தனியாக இரண்டு காலி இடமாவது வேண்டும். அதைக் கண் என்பார்கள். இந்துமதியின் பதினோரு கற்களுக்கு ஒரு கண் இருந்தது. இரண்டாவதற்கு அவள் வழி தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து அரை லிட்டர் நல்லெண்ணெய் கேட்டான். ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து அவசரத்தில் ஒரு கல்லை வைத்தாள். வைத்த நொடியே தெரிந்துவிட்டது. இலோனா யோசிக்கவே இல்லை. டக்கென்று ஒரு வெள்ளைக் கல். பதினொன்றும் போச்சு.

இந்துமதி எண்ணிப் பார்த்தாள். நாற்பது புள்ளிக்கு மேல். இனி எங்கே வைத்தாலும் ஆகாது. முன்பெல்லாம் இந்த இடத்தில் அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு இன்னும் நூறு கல் வைப்பாள். இன்றைக்கு விரல் அந்தரத்தில் நின்றது. மேல் மூலையில் ரிசைன் பட்டன். தலைக்கு மேலே மாமனார். கடிகாரத்தில் அவளுக்குப் பதினொரு நிமிடம் பாக்கி. சும்மா இருந்தால் நேரம் ஓடித் தானாகவே தோற்றுப்போகலாம், வாயால் சொல்லவேண்டியதில்லை. அந்த யோசனை வந்ததும் வெட்கமாகவும் இருந்தது. பதினொரு நிமிடம் ஒருத்தியைச் சும்மா உட்கார வைப்பதற்கு, நூறு கல்லை வைத்து உட்கார வைப்பது எவ்வளவோ மேல். கீழே இலோனா ஒரு கேள்விக்குறி அனுப்பினாள். அது மட்டும்தான். இந்துமதியின் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கேள்விக்குறிக்குப் பின்னால் மூன்றாவது கம்ப்ளைன்ட் எழுதப்படுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து. ஒன்பது. எட்டரை.

அப்போது ஜெயகணேஷ் வந்தான். மணி மூன்றேகால்கூட ஆகவில்லை. தலை கலையவில்லை, கண்ணில் தூக்கம் இல்லை. படுக்கவே இல்லை என்று பார்த்ததும் தெரிந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, போனைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"சொல்லணுமா?" என்று கேட்டான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஜெயகணேஷ் உள்ளே வந்து, கல்லாப் பெட்டிக்குப் பின்னாலிருந்து அவளை நகரச் சொல்லி, தான் அங்கே உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தராசைத் துடைத்தான்.

"ரெண்டு வாரமா யோசிச்சுப் பாத்தேன்" என்றான். "அப்பா கடையிலதான சொல்லக்கூடாதுன்னாவ. அந்தப் படி வரைக்குந்தான் கடை. படிக்கு அங்கன இருக்கது கார்ப்பரேசன் எடம். அங்கன போய் நின்னு நீ என்ன வேணும்னாலும் சொல்லு. யாரு கேக்க?"

இந்துமதி அவனையே பார்த்தாள். மேலே பார்த்தாள். மாமனார் படத்தில் எப்போதும் போலத்தான் இருந்தார்.

"நேரம் போகுதுளா. எறங்கு. என் செருப்பப் போட்டுக்க, தரை கொதிக்கும்."

அவள் போனை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அவனுடைய பெரிய செருப்புக்குள் கால் வழுக்கியது. நாலு எட்டு நடந்து, சாக்கடை மூடிக்கும் அந்தாண்டை தார் ரோட்டின் ஓரத்தில் போய் நின்றாள். வெயிலில் போன் திரை கண்ணுக்குத் தெரியவில்லை. முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்து, அந்த நிழலுக்குள் போனை வைத்துப் பட்டனை அமுக்கினாள். அது லேசில் விடவில்லை. நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று திருப்பிக் கேட்டது. இந்துமதி கடையைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயகணேஷ் காதில் எதுவும் விழாதவனைப் போல அரிசி மூட்டைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. ஆமாம் என்று அமுக்கினாள்.

வானம் இடிந்து விழவில்லை. ஒரு பால்காரர் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்.

'தேங்க் யூ' என்று எழுதினாள். அடியில் 'சாரி' என்று எழுதினாள். இனி இலோனா போய்விடுவாள். போகட்டும், கம்ப்ளைன்ட் எழுதாமல் போனால் போதும் என்று நின்றாள். பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணையவில்லை. அரை நிமிடம் கழித்து ஒரு வரி வந்தது. இந்துமதி அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். நன்றி, உன்னுடைய மூலை மிக அழகாக இருந்தது, உனக்கு நேரம் இருக்கிறதா?

எதற்கு நேரம் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று 'எஸ்' போட்டாள். பலகையிலிருந்து ஒரு கல் மறைந்தது. இலோனா கடைசியில் வைத்த வெள்ளைக் கல். செத்துப்போன பதினோரு கற்களும் ஒரு நொடியில் திரும்பி வந்தன. அவசரத்தில் வைத்தாளே அந்த ஒரு கல், அது வந்ததும் பலகை நின்றது. இலோனா அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

ஏன் இங்கே? என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி எப்படிப்பட்டது என்று இந்துமதி இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள். குத்தலாகத் தெரியவில்லை. கேட்டுவிட்டு இலோனா காத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எண்ணெய் ஊற்றப் போனதை எப்படிச் சொல்வது? தெரிந்த இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'கஸ்டமர் கம்' என்று எழுதினாள். போதாது என்று பட்டது. எண்ணெய் கேட்டு யாரும் வராவிட்டாலும் அங்கேதான் வைத்திருப்பாள் என்பது அவளுக்கே தெரியும். 'ஐ ஃபியர். ஸோ ஐ கோ ஸ்மால்' என்று சேர்த்தாள். அனுப்பிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நானும்தான், என்று எழுதினாள் இலோனா. எப்போதும். பார், இங்கே நானும் பயந்திருக்கிறேன். முப்பத்திரண்டாவது கல்லுக்குப் போய் ஒரு வட்டம் போட்டாள்.

இந்துமதிக்கு ரோடு, வெயில், காலில் கிடந்த செருப்பு எல்லாம் மறந்துபோனது. அவள் ஒரு கறுப்பு வைத்துக் காட்டினாள், இலோனா ஒரு வெள்ளை வைத்துக் காட்டினாள். இப்படி வந்திருந்தால்? அப்படியானால் நான் இங்கே ஓடியிருப்பேன். வார்த்தை தெரியாத இடங்களில் கல்லே பேசியது. எவ்வளவு நேரம் போனது என்று அவளுக்குத் தெரியாது. முதுகில் வெயில் திடீரென்று குறைந்தபோதுதான் நிமிர்ந்தாள். ஜெயகணேஷ் கடை முகப்பில் சுருட்டிக் கட்டியிருந்த தார்ப்பாயை அவிழ்த்து, இரண்டு கம்பையும் ரோட்டுப் பக்கம் நீட்டி ஊன்றியிருந்தான். சாதாரணமாக மழைக்குத்தான் அதை அவிழ்ப்பான். நிழல் படியைத் தாண்டி, சாக்கடை மூடியைத் தாண்டி அவள் வரைக்கும் வந்திருந்தது. அவன் அவளைப் பார்க்காமல் கல்லாவுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

நூல்கண்டு வாங்க வந்த செல்லத்தாய் ரோட்டில் நிற்பவளையும் கடையில் இருப்பவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "யக்கா ஏன் அண்ணாச்சி அங்கன நிக்காவ? அந்த வெளையாட்டா? தோத்துட்டாவளா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜெயகணேஷ் நூல்கண்டைத் தேடி எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"ஆடிக்கிட்டு இருக்கா" என்றான்.

ரோட்டோரத்தில் இந்துமதி குனிந்து நின்றுகொண்டிருந்தாள். தலையில் இழுத்துப் பிடித்திருந்த முந்தானை தோளில் விழுந்து கிடந்தது. இலோனா மறுபடி கற்களை எடுத்துக்கொண்டே வந்தாள். நூறு, எழுபது, இருபது, நான்கு. பலகையில் ஒரு கல்லும் இல்லாமல் வெறும் கோடுகள் மட்டும் மிஞ்சின. முதல் கல்லிலிருந்து ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். இந்துமதி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தாள்.